பதினோராம் எண்ணின் புள்ளிகள்

என் கணவரின் வேலை ஒரு காகிதத்தால் போகப் பார்த்தது. அந்தக் காகிதத்தை எழுதியவள் நான். இப்போது ஆற அமர இதைச் சொல்ல முடிகிறது என்பதற்காக அப்போதும் இப்படித்தான் இருந்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அவர் மட்டாஞ்சேரியில் சுமை தூக்குகிறவர். சுமட்டுத் தொழிலாளி என்பார்கள் இங்கே. லாரியில் வரும் சாக்குகளைத் தலையில் ஏற்றிக் கோடவுனுக்குள் கொண்டுபோய் அடுக்க வேண்டும். மிளகு, சுக்கு, அரிசி, சர்க்கரை, எது வந்தாலும். பதினான்கு பேர் சேர்ந்தது ஒரு செட்டு. ஆளுக்கு ஒரு நீலச் சட்டை, ஒரு பேட்ஜ், பேட்ஜில் ஓர் எண். அவருடையது பதினொன்று. இந்தப் பேட்ஜும் அதோடு சேர்ந்த அட்டையும் லேசில் கிடைப்பதில்லை. ஒருவர் விலகினால்தான் இன்னொருவர் உள்ளே வரலாம். வெளியே காத்திருப்பவர்களின் பட்டியல் நீளமானது. உடம்பு சுமைக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிவிட்டால் அட்டை அந்தப் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். விதி அவ்வளவுதான்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. கணக்கில் பட்டம் வாங்கியவள். கல்யாணமாகி இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அவர் குடும்பமும் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரி. வீட்டில் தமிழ் பேசுவார். படிப்பதும் எழுதுவதும் மலையாளம். தமிழ் சினிமா போஸ்டரை அவர் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் படமே மாறிவிடும். எனக்கு நேர் எதிர். மலையாளம் வாய்க்கு வந்துவிட்டது, கைக்கு வரவில்லை. எழுதினால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்தால் படித்த ஆள் ஒன்று தேறும் என்று அவர் கேலி செய்வார்.

பகலில் ஒரு ஷிப்பிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி பார்த்துக்கொண்டிருந்தேன். மென்பொருள் பிரிவில் ஓர் இடம் காலியாகப் போகிறது, கையில் சான்றிதழ் இருந்தால் யோசிக்கலாம் என்றார் மேனேஜர். அதற்காக எர்ணாகுளத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். பாடத்தின் பெயர் சிஸ்டம் அனாலிசிஸ் அண்ட் டிசைன். ஒரு மென்பொருளை எழுத உட்காருவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும், எழுதி முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். எழுதுவதைப் பற்றி அதில் கொஞ்சம்தான் வரும்.

சார் என்னைவிட நாலு வயது சின்னவர். முதல் வகுப்பிலேயே பலகையில் படிக்கட்டு மாதிரி ஆறு கட்டங்கள் போட்டார். முதலில் இது ஆகிற காரியமா என்று பார்க்க வேண்டும். பிறகு இப்போது நடக்கிற முறையைக் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டு, என்ன தேவை என்று எழுத வேண்டும். பிறகு வடிவமைப்பு, பிறகு கோடிங், பிறகு சோதனை. கடைசியில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, அதன் ஆயுசு முழுக்கப் பராமரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அவர் கொடுத்த உதாரணம் ஏடிஎம். உலகத்தில் வேறு சிஸ்டமே கிடையாதோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அவர் ஒரு விஷயத்தில் கறார். நீங்கள் ஆராய்கிற இடத்தில் ஒரு பழைய நோட்டு இருந்து, அதில் ஒரு சின்னக் குறி இருந்தாலும், அந்தக் குறிக்கு என்ன பொருள் என்று உங்கள் டேட்டா டிக்‌ஷனரியில் எழுதியிருக்க வேண்டும் என்பார். ஒரு குறி விட்டுப்போனாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பாதி மதிப்பெண் புராஜெக்டுக்கு. உண்மையாக நடக்கிற ஒரு வேலையை எடுத்துக்கொண்டு ஆறு படியும் இறங்கிக் காட்ட வேண்டும். கூடப் படித்தவர்கள் நூலகம், ஆஸ்பத்திரி, பஸ் டிக்கெட் என்று எடுத்துக்கொண்டார்கள். அதெல்லாம் இணையத்தில் ரெடிமேடாகக் கிடைக்கும். எனக்கு அப்படிச் செய்யக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நான் என் கணவர் செட்டின் முறை நோட்டை எடுத்தேன்.

முறை நோட்டு என்பது செட்டின் லீடர் வைத்திருக்கும் நீள நோட்டு. லீடரும் தமிழ்க்காரர்தான், ஐம்பதைத் தாண்டியவர். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு வரி, பதினான்கு பேருக்குப் பதினான்கு கட்டம். ஒரு லாரிக்கு ஏழெட்டுப் பேர் போதும் என்பதால், லீடர் முறைப்படி எண்களைக் கூப்பிடுவார். போனவர் கட்டத்தில் ஒரு கோடு போடுவார். சாயங்காலம் கூலியைக் கோடு உள்ளவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். எழுபது பக்கம் புரட்டினாலும் இந்தக் கோடுதான். ஆனால் சில கோடுகளின் தலையில் ஒரு புள்ளி இருந்தது.

தொழிலாளர் சங்க அலுவலகத்தில் செக்ரட்டரியைப் போய்ப் பார்த்தேன். மலையாளி, முன்பு அவரும் சுமந்தவர். நான் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்காகத் தமிழைக் கலந்து பேசினார்.

"அடிபொளி, பிரமாதம். நம்ம ஆபீஸ்லதான் ஆத்யமா கம்ப்யூட்டர்ல முறை வரணும், சேச்சி. நீங்க எழுதித் தாங்க, நான் சீல் வச்சுத் தரேன்" என்றார்.

அந்தச் சீல் எனக்கு வேண்டும். தேவை அறிக்கையைப் படித்து, சரி என்று சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த படி இறங்கலாம் என்பது சாரின் விதி. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "நல்ல காரியம். செய்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆகிற காரியம்தான் என்று முதல் கட்டத்தை ஒரே மாலையில் எழுதி முடித்தேன்.

அடுத்தது கேட்டுத் தெரிந்துகொள்வது. கேள்விகளை அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொருவராகக் கேட்டேன். முறை எப்படி, சண்டை வந்தால் யார் தீர்ப்பது, லீவு போட்டால் என்ன ஆகும், எல்லாவற்றுக்கும் கடகடவென்று பதில் வந்தது. புள்ளிக்கு மட்டும் வரவில்லை. நாலாம் எண், "அது சும்மா" என்றார். ஏழாம் எண், "மழை பெஞ்ச நாளா இருக்கும்" என்றார். இரண்டாம் எண், "பேனா பட்டிருக்கும் சேச்சி" என்று சிரித்துவிட்டுப் பீடி பற்ற வைக்கப் போய்விட்டார். லீடர் என் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

"தங்கச்சீ, அத விட்டேக்கு. அது நோட்டுக்குள்ள கெடக்கட்டு" என்றார்.

விட்டுவிட எனக்கு மனசில்லை. சார் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்பது ஒரு காரணம். பத்து விரலுக்குள் எண்ணத் தெரிந்த ஆட்களிடம் ஒரு கணக்குக்காரி தோற்பதா என்பது இன்னொரு காரணம். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

கேட்பது போதாது, நேரில் பார்க்கவும் வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. மூன்று நாள் லீவு போட்டு, கோடவுனுக்கு எதிர் சாயாக்கடையில் நோட்டுடன் உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்தில் அவர் வேலை செய்வதை நான் நின்று பார்த்தது கிடையாது. லாரியின் பின்பக்கத்திலிருந்து கோடவுன் வாசலுக்குப் பலகை போட்டிருந்தார்கள். மேலே இரண்டு பேர் சாக்கைத் தூக்கித் தலையில் வைக்க, அவர் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு பலகையில் இறங்கி உள்ளே போவார், வெறுந்தலையோடு திரும்புவார். முதல் நாள் சுக்கு. இரண்டாம் நாள் மிளகு. மூன்றாம் நாள் சர்க்கரை. மூன்று நாளும் தன் முறை வந்த ஒரு லாரியையும் அவர் விடவில்லை. பார்க்கப் பெருமையாக இருந்தது. சாயாக்கடைக்காரரிடம், அதோ பதினொன்று, அது என் வீட்டுக்காரர் என்று வலியப் போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, இன்னொரு சாயா போடட்டுமா என்று கேட்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிக் கட்டிலை விட்டுச் சிமெண்டுத் தரையில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். நான் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்தார்.

அதற்கு முந்தைய எட்டு மாதப் பக்கங்களை லீடர் முதலிலேயே என் போனில் படமெடுக்க விட்டிருந்தார். புள்ளிகளை எண்ணினேன். மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு. பதினொன்றுக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒவ்வொரு லாரிக்கும். உங்கள் எண்ணில் ஏன் இவ்வளவு புள்ளி என்று அவரையே கேட்டேன். லீடர் கைபோன போக்கில் வைக்கிறதா இருக்கும் என்றார். நம்பினேன். லீடர் மேல் எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் கடுப்பு இருந்ததால் நம்புவது சுலபமாக இருந்தது.

அறிக்கையில் நடப்பு முறையின் குறைகள் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் இப்படி எழுதினேன்: சில குறிகளின் மேல் புள்ளி காணப்படுகிறது; இதற்கு விதி இல்லை; பதினோராம் எண்ணுக்கு மிக அதிகம்; காரணம் தெளிவில்லை; விசாரித்துச் சரிசெய்ய வேண்டியது. சாருக்கு ஆங்கிலத்தில் ஒரு பிரதி. செக்ரட்டரிக்கு மலையாளத்தில் ஒரு பிரதி வேண்டும். என் கையெழுத்தில் மலையாளம் எழுதினால் சீல் கிடைக்காது. அதனால் நான் தமிழில் சொல்லச் சொல்ல, என் கணவர் மலையாளத்தில் எழுதினார். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். குறைகள் பக்கம் வந்தபோது பேனாவை நிறுத்தினார்.

"இதும் வேணுமா?"

"வேணும். ஒரு குறி விட்டாலும் சார் ஏத்துக்க மாட்டார்."

எழுதினார். மை காய ஊதிவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். மறுநாள் நான் அதைக் கொண்டுபோய்ச் சங்க அலுவலகத்தில் கொடுத்தேன்.

சீல் எப்படியும் வந்துவிடும் என்று, செக்ரட்டரி படிக்க எடுத்துக்கொண்ட நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை. திரைகளை வடிவமைத்தேன், புரோகிராம் எழுதினேன். பிறகு சோதித்துப் பார்க்க உண்மையான தரவு வேண்டும் என்று, லீடரிடம் நோட்டை வாங்கி, நான் எண்ணாமல் விட்ட கடைசி மாதத்தையும் படமெடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு விடுமுறை நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக உள்ளே ஏற்றினேன். எண் வாரியாகப் பிரித்துக் காட்டு என்று சொன்னதும் திரையில் பதினொன்றின் மாதம் வரிசையாக வந்து நின்றது. புள்ளி, புள்ளி, புள்ளி. நடுவில் மூன்று நாள் மட்டும் வெறும் கோடு. அடுத்த இரண்டு நாள் காலி. அதன் பிறகு மறுபடியும் புள்ளி.

மூன்று நாளின் தேதியைப் பார்த்தேன். நான் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்த மூன்று நாள்.

புள்ளி என்றால் என்ன என்று அப்போது எனக்குப் புரிந்தது. ஆள் வந்தார், ஆனால் சுமக்கவில்லை. மற்ற நாட்களில் அவர் பலகையின் நுனியில் காலை வைத்துக்கொண்டு நின்றிருப்பார், தார்ப்பாயை மடித்திருப்பார், சிந்தியதைக் கூட்டியிருப்பார். அவர் பங்குச் சாக்கை மற்றவர்கள் சேர்த்துச் சுமந்திருப்பார்கள். யாருக்கு இன்று முடியவில்லையோ அவர் கோட்டின் தலையில் ஒரு புள்ளி. நாளைக்கு யாரும் மறந்து அவரைச் சுமக்கக் கூப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக. மற்றவர்களின் ஒன்றிரண்டு புள்ளியும் காய்ச்சலோ கால் சுளுக்கோ. நான் பார்க்க உட்கார்ந்திருந்த மூன்று நாள் மட்டும் அவர் சுமந்திருக்கிறார். நான் பார்த்ததனால் சுமந்திருக்கிறார். அடுத்த இரண்டு நாள் தரையில் கிடந்தது வயிற்றுக்காக இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. எழுந்து போய் ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்த சொம்பை எடுத்து இன்னொரு முறை கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலையில் சங்க அலுவலகம் திறக்கும்போதே போய் நின்றேன். குறைகள் எழுதிய அந்த நாலாம் பக்கம் தப்பு, திருப்பித் தாருங்கள், வேறு எழுதித் தருகிறேன் என்றேன். செக்ரட்டரி மேசை இழுப்பறையைத் திறந்து அறிக்கையை எடுத்தார். பதினொன்று என்ற இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது.

"எழுதித் தந்தத திருப்பித் தர பற்றில்லா, முடியாது சேச்சி. ரெஜிஸ்டர்ல கேறிப் போச்சு. இனி நான் சோதிக்காம இருந்தா நாளைக்கு என்னைச் சோதிப்பாங்க. பட்டியல்ல இருக்கறவங்க சும்மா இருக்க மாட்டாங்க."

"கேட்டு, சுமக்க முடியலைன்னு தெரிஞ்சா?"

"டாக்டர்கிட்ட அனுப்பணும்." அதன் பிறகு அட்டை யாருக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை செட்டு முழுவதும் நோட்டோடு வர வேண்டும் என்று லீடருக்குச் சீட்டு எழுதி என்னிடமே கொடுத்தனுப்பினார்.

அன்று சாயங்காலம் என் கணவர் குளித்துவிட்டு வந்ததும் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. அவர் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார், முதுகைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு.

"போன ஓணத்துக்கு அடுத்த வாரம், சர்க்கரைச் சாக்கு. பலகை ஈரம். நடு முதுகுல ஒரு எலும்பு தெத்தி விலகிப் போச்சுன்னு சொன்னான் டாக்டர். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான். லீடர் கூட வந்தாரு."

"எக்ஸ்ரே எங்க?"

"லீடர் வீட்டு அலமாரில."

என் வீட்டுக்காரர் முதுகெலும்பின் படம் இன்னொருவர் வீட்டு அலமாரியில் அவர்கள் பட்டுச் சேலையோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல், லீடர் மேல், லீடரின் மனைவி மேல், கோவிலில் பார்க்கும்போதெல்லாம் சிரித்துப் பேசிய எல்லாப் பெண்கள் மேலும். ஒன்பது வருடம் ஒரே கூரைக்குள் இருந்துவிட்டு, ஒரு திரையில் வந்த வரிசையைப் பார்த்துத்தான் நான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அந்தப் பக்கத்தை நீங்களேதானே எழுதினீங்க? உங்க கையாலேயே எழுதினீங்களே. அந்த வரிய விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"நீ சொன்னதத்தானே எழுதணும்" என்றார். "உன் பரீட்சை. என் இஷ்டத்துக்கு எழுத முடியுமா?"

சட்டியில் இருந்த மீன் குழம்பைச் சூடு பண்ணினேன். சாப்பிட்டோம். செக்ரட்டரி காலில் போய் விழப் போகிறேன் என்றேன். அப்படிச் செய்தால் அன்றே பேட்ஜைக் கழற்றிவிடுவேன் என்றார். அவர் குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை; அதனால் பயந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அலுவலக மாடியில் பதினான்கு பேரும் நீலச் சட்டையில் வந்து உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி பற்றாமல் நாலு பேர் நின்றார்கள். அறிக்கை எழுதியவள் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். என் கணவர் ஜன்னல் பக்கம் நின்றார். லீடர் நோட்டை மேசை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

செக்ரட்டரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம், பிறகு நடுவிலிருந்து ஒன்று. நான் எட்டிப் பார்த்தேன். நோட்டு முழுக்கப் புள்ளி. ஒன்றாம் எண்ணுக்குப் புள்ளி, ஐந்துக்குப் புள்ளி, லீடரின் எண்ணுக்கே புள்ளி. பத்து மாதப் பக்கங்களில் அம்மை போட்ட மாதிரி எல்லாக் கட்டத்திலும் புள்ளி. லீடர் எப்போதும் கறுப்பு மையில் எழுதுகிறவர். இந்தப் புள்ளிகள் நீலத்தில் இருந்தன, ஊதாவில் இருந்தன, ஒரு பக்கம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் இருந்தன. பதினான்கு பேரும் ஆளுக்கொரு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வேலையைப் பங்கு வைத்துத்தான் செய்வார்கள். இதையும் அப்படியே செய்திருந்தார்கள். உற்சாகத்தில் லாரியே வராத நாளின் வரியிலும் வைத்துவிட்டார்கள்.

"இது ஹர்த்தால் நாளாக்கும்" என்றார் செக்ரட்டரி. "கோடு இல்ல, புள்ளி மட்டும் இருக்கு."

"அன்னைக்கும் வந்து பாத்துட்டுத்தான் போனோம் சார்" என்றார் லீடர். யாரும் சிரிக்கவில்லை.

செக்ரட்டரி கொஞ்ச நேரம் அந்தப் பச்சைப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை தானாகப் போய் அவருடைய முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பிறகு என் அறிக்கையை நோட்டின் மேல் வைத்து, என் பக்கம் திரும்பினார்.

"பதினொண்ணுக்கு மட்டும் அதிகம்னு சேச்சி எழுதியிருக்கு. இதுல எல்லாருக்கும் இருக்கே. எண்ணினது தப்பிப் போச்சா?"

பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை, பதின்மூன்று பேர். ஒருவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பக்கங்களின் படம் என் போனில் தேதியோடு இருந்தது. என் எண்ணிக்கையில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. நான் அழகி இல்லை, சமையலும் சுமார்தான். கூட்டினால் தப்பாது என்பது ஒன்றுதான் சின்ன வயதிலிருந்து எனக்கு இருந்த கர்வம்.

"தப்புதான் சார். நான் எண்ணினது தப்பு."

"எழுதித் தரணும்" என்று ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். பழக்கத்தில் என் கணவர் ஜன்னலை விட்டு நகர்ந்து பேனாவுக்குக் கை நீட்டினார். செக்ரட்டரி தலையை ஆட்டினார். "வேண்டா. தப்பு பண்ணினவங்களே எழுதட்டும்."

கோழி கிளறிய என் மலையாளத்தில், எண்ணியதில் கவனக்குறைவு, நாலாம் பக்கத்தைத் தள்ளிவிடவும் என்று இரண்டு வரி எழுதினேன். எழுதி முடிக்க நேரமாயிற்று. அவர் அதை அறிக்கையோடு பின் செய்து, இரண்டுக்கும் சீல் வைத்து, கோப்பைக் கட்டி அலமாரிக்குள் போட்டார். கம்ப்யூட்டர் முறை இப்போதைக்கு வேண்டாம், நோட்டே நடக்கட்டும் என்றார்.

சாரிடம் அந்த இரண்டு வரியையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. தரவு சேகரிப்பில் அலட்சியம், சிஸ்டம் நிறுவப்படவில்லை என்று சிவப்பில் எழுதி, தேறுகிற அளவுக்கு மட்டும் மதிப்பெண் போட்டார். இரண்டாம் படியில் செய்த தப்பு ஐந்தாம் படியில்தான் தெரியும் என்பதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை உதாரணமாகச் சொன்னார். ஏடிஎம்மை விட்டு அவர் வெளியே வந்தது அன்று ஒரு நாள்தான். அலுவலகத்தில் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. கொஞ்ச நாள் வருத்தமாக இருந்தது. என் கணவர் இப்போதும் செட்டில்தான் இருக்கிறார். எக்ஸ்ரேயை நான் போய் வாங்கி வந்துவிட்டேன். மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன். இடுப்புப் பெல்ட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போகிறார். பாதி குணம் என்கிறார் டாக்டர். முழுக் குணம் வருமா என்று நான் கேட்டதற்கு அடுத்த மாதத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு இருவரும் பஜார் ரோடு வழியாக நடந்து வந்தோம். முன்னால் போன செட்டு ஆட்கள் எங்களுக்கு இடம் விட்டு வேகமாக நடந்துவிட்டார்கள். வெயில் ஏறியிருந்தது. அவர் என் மடிக்கணினிப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை. மீன்காரரின் ஸ்கூட்டர் போகட்டும் என்று ஓரமாக நின்றோம். அன்றைக்குக் கத்தியபோது கேட்காமல் விட்டதை அப்போது கேட்டேன்.

"பதிமூணு பேருக்குச் சொல்லியிருக்கீங்க. எனக்கு ஏன் சொல்லலை?"

அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கேலி செய்யும்போது வருகிற அதே சிரிப்போடு சொன்னார்.

"உன்கிட்ட சொல்லியிருந்தா, நீ எழுதி வச்சிருப்ப."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அன்றைக்கு ஒரு பொய் சொல்லியாயிற்று, இரண்டாவது வரவில்லை.